அரை டம்ளர்

அந்தப் பையைக் கொஞ்சம் உன் பக்கமா இழுத்துக்கோம்மா. இடிக்குதுன்னு சொல்லல. அது சேனைக்கிழங்குதானே? மண்ணு ஒட்டியிருக்கிறதைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நாலு கிலோ இருக்குமா? நல்ல கிழங்குதான். நீ வாங்கினதுல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் இப்பல்லாம் அதைக் கண்டா ஆகமாட்டேங்குது.

நீ எங்க இறங்குத? திருநெல்வேலியா? சரி, நானும் அங்க இறங்கித்தான் நாசரேத் பஸ் பிடிக்கணும். இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு. நீ கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். முப்பத்தோரு வருஷம் வகுப்பு எடுத்தவ நான். முன்னால ஒரு ஆளு உக்காந்திருந்தா வாய் சும்மா இருக்காது. ரூபாவதி டீச்சர்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கோவக்காரின்னும் சேத்துச் சொல்லுவாங்க, அதுவும் நெசந்தான்.

எனக்கு ஒரே மக, ஹெப்சிபா. வீட்டுல ஹெப்சி. அவ அப்பா இறந்து ஒம்பது வருஷமாச்சு. நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் வந்து, "அம்மா, கோவில்பட்டியில ஒருத்தரு, செண்பகராஜ்னு பேரு, பைக் சாமான் கடை வச்சிருக்காரு, அவரைத்தான் கட்டுவேன்"னு நிக்கா. அவங்க கோயிலுக்குப் போற குடும்பம். நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். நான் மாட்டேன்னேன். அவ போயிட்டா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். நான் போகல. இப்ப அதைப் பெருமையா சொல்லல. அப்ப பெருமையாத்தான் இருந்துது.

நடுவுல ரெண்டு தடவை அவ உண்டானா. ரெண்டும் தங்கல. முதல்ல மூணாம் மாசம், அடுத்தது அஞ்சாம் மாசம். ரெண்டுக்கும் நான் போய்ப் பாக்கல. எனக்கு அப்ப முழங்கால் வலி, பாத்துக்கோ. பஸ் ஏற முடியாது. சரி, ஏறியிருக்கலாம். அன்னைக்கு ஏறாத காலு இன்னைக்கு ஏறியிருக்குல்லா. கஞ்சி வச்சுக் கொடுத்தது, துணி அலசிப் போட்டது எல்லாம் அந்தப் பையன்தான்னு பிறகு யாரோ சொல்லிக் கேட்டேன். பெத்தவ செய்ய வேண்டியதை அவன் செஞ்சிருக்கான்.

முத பிள்ளை போனதும் அவன் சபரிமலைக்கு நேந்துக்கிட்டானாம். மூணு வருஷம் விடாம மாலை போட்டு மலைக்கு வாறேன், எங்களுக்கு ஒரு பிள்ளை தங்கணும்னு. இது மூணாவது வருஷம். இதை மனசுல வச்சுக்கோ, இதுலதான் எல்லாம் இருக்கு.

போன கார்த்திகையில ஹெப்சி போன் பண்ணினா. நாலு வருஷத்துல அவளாப் பண்ணின முத போன். "அம்மா, கிறிஸ்துமஸுக்கு நாங்க ரெண்டு பேரும் வரட்டுமா?"ன்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வாங்கன்னேன். உடனே சொல்லுதா, "அவங்க மாலை போட்டிருக்காங்கம்மா. கறி, மீன், முட்டை ஒண்ணும் ஆகாது. வெங்காயம், பூண்டும் சேக்க மாட்டாங்க. கறி ஆக்கின பாத்திரத்துல வச்சதும் கூடாது. உனக்குச் சிரமம்னா சொல்லு, நாங்க ரெண்டு மாசம் கழிச்சு வாறோம்."

ஒரு சிரமமும் இல்ல, வாங்கன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு போனை வச்சதும் எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேக்காத. எங்க பண்டிகையன்னைக்கு எங்க வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னே மாலை போட்டானோன்னு நினைச்சேன். கார்த்திகை பிறந்தா எல்லாரும்தான் போடுதாங்க, அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் நினைச்சேன்.

எங்க வீட்டுல கிறிஸ்துமஸ்னா ஆட்டுத்தொடை ரோஸ்ட். முழுத் தொடையை அப்படியே ரோஸ்ட் போடுறது. ஊர்ல யாரு வீட்டுலயும் அப்படிக் கிடையாது. எங்க அண்ணன் ஆசீர்வாதம், ஆசீர் அண்ணன்னு சொல்லுவேன், அவன் அதுக்காகவே தூத்துக்குடியில இருந்து வருஷாவருஷம் பொண்டாட்டியோட வருவான். இந்த வருஷம் கறி கிடையாதுன்னு சொன்னதும் போன்லயே சிரிக்கான். "என்ன ரூபா, நீயும் மாலை போட்டுட்டியா?"ங்கான். "ஓடிப்போய்க் கட்டினவனுக்காக இயேசு பிறப்பை மரக்கறி ஆக்குத"ங்கான். எனக்கு வந்துது பாரு ரோஷம். மரக்கறியிலயே ரோஸ்ட் பண்ணி உன் வாயை அடைக்கேன் பாருன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு முடியாதுன்னு இருக்க முடியுமா?

அதுக்கு நான் பட்ட பாட்டை நீ பாத்திருக்கணும். பாத்திரக் கடைக்குப் போய்ப் புது வார்ப்பு, புதுச் சட்டி, கரண்டி, கத்தி, அரிவாமணை எல்லாம் வாங்கினேன். மிக்ஸி ஜாடிகூட புதுசு. பழைய சாமானையெல்லாம் சாக்குல கட்டிப் பின்னால குளியலறைப் பரணுல ஏத்தினேன். ஃபிரிட்ஜைக் காலி பண்ணி ரெண்டு நாள் திறந்து போட்டுக் காய வச்சேன். அடுக்களையை மூணு தடவை கழுவினேன். கேக்குல முட்டை கிடையாது, தயிர் ஊத்திச் செஞ்சேன். டிசம்பர் முதல் வாரத்துல இருந்து வீட்டுல ஒரு கருவாட்டுத் துண்டுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி, "டீச்சர், யாரும் ஆபீசரு வாறாரா?"ன்னு கேட்டா.

சேனையை வாரத்துக்கு ஒண்ணா வாங்கி மூணு தடவை பண்ணிப் பாத்தேன். முதல்ல அரிச்சுது, நாக்கு தடிச்சுப்போச்சு. அடுத்தது உள்ள வேகவே இல்ல. மூணாவதுதான் பிடிபட்டுது. முழுக் கிழங்கைத் தோல் சீவி, புளித்தண்ணியில ராத்திரி முழுக்கப் போட்டுறணும். காலையில எடுத்து, கத்தியால ஆழமாக் கீறி, மிளகு, இஞ்சி, சோம்பு, பட்டை, கிராம்பு அரைச்சு அந்தக் கீறல்ல திணிக்கணும். வாழையிலையில சுத்தி, நாரால கட்டி, ஆவியில முக்காவேக்காடு வேக வைக்கணும். பிறகு வார்ப்புல தேங்காண்ணெய் ஊத்தி, சிறு தீயில புரட்டிப் புரட்டி, மசாலாத் தண்ணியை மேல ஊத்தி ஊத்தி ஒன்றரை மணி நேரம். மேல நல்லா சிவந்து மொறுமொறுன்னு வந்துரும். வெட்டினா உள்ள கறி மாதிரியே துண்டு துண்டா வரும். உன் கிழங்கையும் அப்படிச் செஞ்சு பாரு. நல்லாத்தான் இருக்கும்.

கிறிஸ்துமஸன்னைக்கு விடியக்காலம் ஆராதனைக்கு மாப்பிள்ளைதான் கார்ல எங்களைக் கூட்டிட்டுப் போனான். முந்தின நாளே வந்துட்டாங்க. கறுப்பு வேட்டி, கழுத்துல துளசி மாலை, காலுல செருப்பு இல்ல. எங்களை இறக்கிவிட்டுட்டு வெளிய வேப்பமரத்தடியில ரெண்டு மணி நேரம் நின்னான். உள்ள வாங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. பனி வேற.

வந்ததும் அடுப்புல வார்ப்பை ஏத்தினேன். எல்லாம் சரியாத்தான் வந்துது. மசாலாத் தண்ணியைத் தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். என்னமோ குறையுது. பூண்டு இல்ல, வெங்காயம் இல்ல, கறியில இறங்குற சாறு இல்ல. உப்பு, உறைப்பு எல்லாம் இருக்கு, ஆனா ரோஸ்ட்டு இல்ல அது. வெறும் கிழங்கு. வெளிய ஆசீர் அண்ணன் கார் வந்து நிக்கிற சத்தம் கேக்குது. அலமாரி மேல் தட்டுல இருந்த பாட்டிலை எடுத்தேன், அரை டம்ளர் ஊத்தினேன், மூடி போட்டு மூடினேன். வருஷாவருஷம் செய்யிறதுதானே, கை தன்னால போகுது.

என்ன பாட்டில்னு நீ கேக்கலியே? ஒயின்.

முகத்தை அப்படிச் சுளிக்காத. கடையில விக்கிறது இல்ல. கறுப்புத் திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, கிராம்பு போட்டு, அக்டோபர் மாசம் ஊறுகாய் ஜாடியில ஊறப் போட்டு, கிறிஸ்துமஸுக்கு வடிகட்டி எடுக்கிறது. எங்கள்ல பல வீட்டுல உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு ஸ்பூன் கொடுப்போம், சளிக்கு நல்லதுன்னு. எங்க வீட்டுக்காரரு மதுவிலக்கு சங்கத்துல செயலாளரு. மேடை மேடையாப் பேசுவாரு, குடிகாரனைக் கண்டா எதிர்த்த பக்கம் போயிருவாரு. அவரே கிறிஸ்துமஸன்னைக்கு ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சுட்டு, "இந்த வருஷம் நல்லாப் புளிச்சிருக்கு ரூபா"ம்பாரு. அது எங்களுக்கு மதுவே இல்ல, பாத்துக்கோ. மிளகு மாதிரி, சோம்பு மாதிரி அதுவும் ரோஸ்ட்டுக்கு ஒரு சாமான். கறி, முட்டை, கருவாடுன்னு ஒவ்வொண்ணாத் தேடித் தேடி வீட்டை விட்டு வெளியேத்தினேனே, அந்தப் பாட்டில் என் கண்ணு முன்னாலயே இருந்துது. ஒரு நாளும் என் புத்தியில படல. சத்தியமாப் படல.

மாலை போட்டவனுக்கு அது எப்பேர்ப்பட்ட குத்தம்னு நான் உனக்குச் சொல்ல வேண்டாம்.

சாப்பாடு நல்லபடியா நடந்துது. அவன் தரையில பாய் போட்டு, இலை போட்டு உக்காந்தான். ஆசீர் அண்ணன், "கிறிஸ்துமஸா, கல்யாண வீட்டுப் பந்தியா?"ன்னு ஆரம்பிச்சான். முத துண்டு வாயில போச்சு, பிறகு பேச்சே இல்ல. மதினி கிழங்கைப் புரட்டிப் புரட்டிப் பாக்கா, நெசமாவே கறி இல்லையான்னு. மாப்பிள்ளை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "அத்தை, இப்படி ஒரு ருசியை நான் சாப்பிட்டதே இல்ல"ன்னான். அத்தைன்னு அவன் கூப்பிட்டது அன்னைக்குத்தான் முத தடவை. ஹெப்சி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. சின்னப் பிள்ளையில பரிசு வாங்கிட்டு வந்து சிரிப்பா, அந்தச் சிரிப்பு. சாயந்திரம் கார்ல ஏறிப் போனாங்க. அலமாரியைச் சாத்தப் போறேன், பாட்டில் கண்ணுல படுது. கழுத்துவரைக்கும் இருந்தது கீழ இறங்கியிருக்கு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

இப்படித்தான் நான் எல்லாருக்கும் சொன்னேன்.

எங்க சபை பாஸ்டரு கிட்டப் போனேன். அவரு, "டீச்சர், தெரியாமச் செஞ்சதுதானே, அதுவும் நம்ம விசுவாசத்துல அது ஒரு காரியமே இல்ல, ஜெபம் பண்ணிட்டு விடுங்க"ன்னாரு. அவருக்கு அது காரியம் இல்ல. எனக்கும் இல்லைன்னுதான் நினைச்சேன். நான் அந்த விரதத்தை நம்புறவ இல்ல. ஆனா கண்ணை மூடினா ஹெப்சி வயிறுதான் தெரியுது. இனி உண்டாகி, அந்த மூணாவது பிள்ளையும் தங்கலைன்னா? மூணு வருஷமா ஒருத்தன் பச்சைத் தண்ணியில குளிச்சு, தரையில படுத்து, வாயைக் கட்டி வச்சிருந்ததை நான் அரை டம்ளர்ல கலைச்சுட்டேனேன்னு நெஞ்சு அடைக்குது. நம்பாதவளுக்கு ஏன் அடைக்கணும்?

மூணாம் நாள் அவனுக்கே போன் பண்ணிட்டேன். "மாப்பிள்ளை, ஒரு தப்பு நடந்துபோச்சு, ரோஸ்ட்டுல பழக்கதோஷத்துல ஒயினை ஊத்திட்டேன், நீங்க போன பிறகுதான் தெரிஞ்சுது"ன்னு சொன்னேன். கடையில இரும்புச் சாமான் இடிக்கிற சத்தம் மட்டும் கேக்குது. என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "தெரியாமத்தானே அத்தை நடந்துது. தெரியாம நடந்தா குத்தமில்ல. நீங்க அழாதீங்க"ங்கான்.

அவங்க குருசாமியும் அதையேதான் சொல்லியிருக்காரு. குளிச்சுட்டு, சரணம் சொல்லிட்டு விரதத்தைத் தொடரலாம்னு. இவன்தான் கேக்கல. "பிள்ளை வரம் கேட்டுப் போறேன், ஒரு குறையும் இருக்கக்கூடாது"ன்னு, கோயில்ல போய் மாலையைக் கழத்தி, அன்னைக்கே திரும்பப் போட்டிருக்கான். முதல்ல இருந்து நாப்பத்தோரு நாள். கூட்டாளிங்க எல்லாரும் தை மாசம் போய்ட்டு வந்துட்டாங்க. இவன் ஒத்தையில மாசி மாசம் நடை திறக்கட்டும்னு இருந்துட்டான். மார்கழிப் பனியில, தைப் பனியில, விடியும் முன்ன பச்சைத் தண்ணி. நான் ஊத்தினதுக்கு.

ஹெப்சி போன்ல என்னைப் பிடிபிடின்னு பிடிச்சா. "ஒரே ஒரு நாளு கவனமா இருக்க முடியலையா உன்னால?"ன்னு கேட்டா. பிறகு அவளே அழுதா. "பாவம்மா நீ, அவ்வளவு பாத்திரம் வாங்கி, அவ்வளவு கழுவி... அவங்க சொல்லுதாங்க, எங்க அம்மா இருந்தாக்கூட எனக்காக இவ்வளவு செஞ்சிருக்க மாட்டாங்கன்னு"ன்னா.

அதுல இருந்து வாரம் தவறாம அவன் எனக்குப் போன் பண்ணுதான். நாலு வருஷத்துல ஒரு தடவைகூடப் பண்ணாதவன். "அத்தை, மனசுல போட்டு உழப்பாதீங்க. தெரியாமத்தானே." எனக்கு மாத்திரை தீந்துபோச்சுன்னா கோவில்பட்டியில வாங்கி பார்சல்ல அனுப்புதான். பொங்கலுக்குச் சேலை எடுத்து அனுப்பினான், இந்தா கட்டியிருக்கேனே, இதுதான். நாலு வருஷமா இல்லாத மருமகன் எனக்குக் கிடைச்சுட்டான். மகளும் கிடைச்சுட்டா. ஒவ்வொரு தடவையும் அந்த "தெரியாமத்தானே"யை அவன் சொல்லும்போது, நான் "ஆமா மாப்பிள்ளை"ம்பேன்.

கயத்தாறு வந்துட்டா? இன்னும் இல்லையா. சரி.

உனக்கு நான் ஒண்ணை மாத்திச் சொல்லிட்டேன்மா. பாட்டிலைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன்ல, அது பொய். ஊத்தினது மறதியில, அது நெசம். ஆனா சாயந்திரம் இல்ல. வார்ப்பைக் கூடத்துல கொண்டுவந்து வச்சு மூடியைத் திறந்தேன் பாரு, அந்த ஆவி முகத்துல அடிச்சுது. கிராம்பும் புளிச்ச திராட்சையும். இருபத்தெட்டு கிறிஸ்துமஸுக்கு என் மூக்குக்குப் பழகின வாசனை. அந்த நிமிஷமே தெரிஞ்சுது. கையில கத்தி இருக்கு. அவன் இலை வெறுமையா இருக்கு. இன்னும் ஒரு துண்டுகூட வைக்கல.

சொல்லியிருக்கலாம். "ஐயோ மாப்பிள்ளை, இதைத் தொடாதீங்க"ன்னு ஒரே வார்த்தை. தயிர் இருந்துது, சோறு இருந்துது, அவன் அதைச் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிருப்பான். ஆனா அண்ணன் அங்க சிரிக்கிறதுக்குன்னே வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு மாசம் பாடுபட்ட என் கிழங்கு சிவந்து போய் உக்காந்திருக்கு. ஹெப்சி என் முகத்தையே பாக்கா. இத்தனையும் ஒரு நொடியில வந்துட்டுப் போச்சு. நான் வெட்டினேன். முத துண்டை அவன் இலையிலதான் வச்சேன். நடுத்துண்டு, சாறு நல்லா இறங்கின துண்டு. ரெண்டாவது தடவை அவனாக் கேக்கல. போதும் அத்தைன்னான். நான்தான், "இன்னும் ஒண்ணு வச்சுக்கோங்க"ன்னு வச்சேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது. அவன் பிட்டு வாயில வச்சப்போ எனக்குப் பயம் வரல. சின்னதா ஒரு சந்தோஷம் வந்துது. என் மகளைத் தூக்கிட்டுப் போனல்லா, எங்க பண்டிகையில உனக்கு விரதமான்னு. எங்க வீட்டுச் சாப்பாட்டை உன்னைச் சாப்பிட வச்சுட்டேன்லன்னு. ஒரு நொடிதான் இருந்துது. ஆனா இருந்துது. அம்பத்தொம்பது வயசு, முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொன்னவ. அந்த ஒரு நொடியை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல? பாஸ்டர்கிட்ட சொல்லல. ஜெபத்துலயும் தாண்டித் தாண்டித்தான் போறேன். உன் பேரு எனக்குத் தெரியாது, அதனால சொல்லுதேன்.

இன்னைக்கு அவனுக்கு இருமுடி கட்டு. தெரியும்ல, மலைக்குக் கிளம்புறப்போ நெய்த்தேங்காயும் அரிசியும் வச்சுக் கட்டித் தலையில ஏத்துற பை. வீட்டு ஆளுங்க ஆளுக்கு மூணு பிடி அரிசி போடணுமாம். "அத்தை வந்துதான் முத பிடி போடணும், இல்லைன்னா அவங்க மனசு ஆறாது"ன்னு ஹெப்சிகிட்ட சொல்லியிருக்கான். போறப்போ பஸ்ல உறுதி பண்ணிட்டுத்தான் போனேன். இருமுடிக்கு முன்னால உக்காந்து பொய்யோட அரிசி போடக்கூடாது. சொல்லிரணும். என்னை வீட்டுக்கு வராதன்னு சொன்னாலும் சரி.

போனதும் அவனைத் தனியா குழாயடிக்குக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளை, அன்னைக்கு அந்தக் கிழங்கு விஷயம்"னு ஆரம்பிச்சேன். ரெண்டு கையையும் கூப்பினான். "அத்தை, நல்ல நாளுல அதைப் பேசக்கூடாது. தெரியாம நடந்ததுக்கு எத்தனை நாளு அழுவீங்க?" சொல்லிட்டு என்னைக் கூட்டிட்டுப் போய் எல்லாருக்கும் காட்டுதான். "எங்க அத்தை. எனக்காகப் புதுப் பாத்திரம் வாங்கிக் கிறிஸ்துமஸ் சமைச்சவங்க." கூடியிருந்த பொம்பளைங்க எல்லாரும் என்னையே பாக்காங்க. ஒருத்தி என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் என்ன செய்ய? உக்காந்தேன். மூணு பிடி அரிசி அள்ளிப் போட்டேன்.

இருமுடியைத் தலையில ஏத்தியாச்சு. வாசல்ல தேங்காய் உடைச்சாச்சு. கிளம்பினா திரும்பிப் பாக்கக்கூடாது, போய்ட்டு வாறேன்னு சொல்லவும் கூடாதாம், அப்படியே நடக்கணுமாம். எல்லாரும் சரணம் போடுதாங்க, தெருவே அதிருது. நானும் ஹெப்சியும் வாசப்படியில நிக்கோம். அவ என் கையை இறுக்கிப் பிடிச்சிருக்கா. அவன் வெறுங்காலோட நடந்து போறான். பத்தடி, இருபதடி. அவன் இனித் திரும்ப முடியாதுன்னு ஆன பிறகு எனக்கு வாய் வந்துது. "தெரிஞ்சுதான் வச்சேன் மாப்பிள்ளை. இலையில வைக்கும்போதே எனக்குத் தெரியும்"னேன். அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நான் எப்பேர்ப்பட்டவன்னு பாத்துக்கோ.

அவன் நடந்துக்கிட்டே போனான். அவனுக்குக் கேக்கல.

ஹெப்சிக்குக் கேட்டுட்டு. பக்கத்துல நின்ன அவளை நான் மறந்துட்டேன். அவ என்னைப் பாத்தா. பிடிச்சிருந்த கையை மெல்ல விட்டா. கோவத்துல உதறியிருந்தாக்கூடப் பரவாயில்ல. மெல்ல விட்டுட்டு, உள்ள போயி, சிந்திக் கிடந்த அரிசியைக் கூட்ட ஆரம்பிச்சுட்டா. நான் பையை எடுத்துக்கிட்டு, "வாறேன்மா"ன்னேன். நிமிரவே இல்ல.

மூணு நாளுல அவன் திரும்பி வருவான். "அத்தை பத்திரமா ஊர் போய்ச் சேந்தாங்களா?"ன்னுதான் முதல்ல கேப்பான், எனக்குத் தெரியும். அப்ப அவ என்ன சொல்லுவா? சொன்னா அவன் மலைக்குப் போய்ட்டு வந்ததே உடைஞ்சுபோவும். சொல்லலைன்னா, இத்தனை நாளு நான் இருந்தது போல அவ இருக்கணும். வயித்துல ஒண்ணு வந்து தங்குற வரைக்கும், தங்கலைன்னா அதுக்குப் பிறகும். இதை நான் யோசிக்காமப் பண்ணிட்டேன். எம் பாரத்தை எடுத்து என் பிள்ளை கையில கொடுத்துட்டு வந்திருக்கேன்.

அந்தா கயத்தாறு. இங்க அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுவான்ல? இதை எப்படிச் சொல்லன்னு தெரியல, சொன்னா என்னை என்ன பொம்பளைன்னு நினைப்ப. நினைச்சுக்கோ. ஒன்றரை மாசமா எனக்கு ஒரு வாய் சோறு ருசியா இறங்கல. இப்ப பசிக்குதும்மா. அப்படிப் பசிக்குது. நீ இறங்குனா எனக்கு ரெண்டு வடை வாங்கிட்டு வாறியா?